எடைக்குப் போன ஆன்டெனா நோட்டுகள்: தொடர்பியல் துறையினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய துறைத் தலைவர்களுக்கும் பாடத்திட்டக் குழு உறுப்பினர்களுக்கும்,

உங்களுள் ஒருவரின் துறையில் புதிய படப்பிடிப்புக் கூடம் அமைப்பதற்காக ஓர் அறையைக் காலி செய்திருக்கிறார்கள். அந்த அறையில் இருந்த மரப்பெட்டிகள் பழைய பேப்பர் கடைக்கு எடைக்குப் போய்விட்டன. அவை நான் கொடுத்த பெட்டிகள். டிவி மெக்கானிக்காக இருந்த காலத்தில் நான் எழுதிய ஆன்டெனா நோட்டுகள் அவற்றில் இருந்தன. பெற்றுக்கொண்டதற்குத் துறை முத்திரையுடன் எனக்குத் தரப்பட்ட கடிதம் இன்னும் என்னிடம் இருக்கிறது. ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டதற்கு, “ஆய்வு மதிப்பு இல்லை என்று குழு முடிவு செய்தது” என்று பதில் வந்தது. குழுவில் யாராவது ஒரு நோட்டையாவது பிரித்துப் பார்த்தார்களா என்று கேட்டேன். அதற்குப் பதில் வரவில்லை.

அதே கல்வியாண்டில் அதே துறையில், தனிப் பாடத்தாளாக இருந்த இந்தியத் தொலைக்காட்சி வரலாறு வேறொரு பாடத்தாளின் மூலையில் ஒன்றரைப் பக்கமாகச் சுருங்கிவிட்டது. இரண்டு முடிவுகளையும் எடுத்தவர்கள் வேறு வேறு ஆட்களாக இருக்கலாம். எண்ணம் ஒன்றுதான். துறையின் பெயரை நான் எழுதப்போவதில்லை. அங்கே மட்டும் நடந்த காரியமாக இருந்திருந்தால் நேரில் போய்ச் சண்டை போட்டு முடித்திருப்பேன். விசாரித்த வரையில் மற்றத் துறைகளிலும் இதே அலட்சியம்தான் நடமாடுகிறது. ஆகவே எல்லோருக்கும் சேர்த்து எழுதுகிறேன்.

நான் கோவில்பட்டி வட்டாரத்தில் டிவி மெக்கானிக்காக இருந்தவன். செட் பழுது பார்ப்பதைவிட ஆன்டெனா கட்டியதுதான் அதிகம். எட்டயபுரம், விளாத்திகுளம், அப்படியே கிழக்கே வேம்பார்க் கடற்கரை வரை பைப்பையும் அதை இழுத்துக் கட்டும் ஸ்டே கம்பியையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு போவேன். ஒவ்வொரு வேலைக்கும் நோட்டில் ஒரு வரி எழுதுவது என் வழக்கம். ஊர், தேதி, பைப் எத்தனை அடி, ஆன்டெனா எந்தத் திசை பார்க்கிறது, பூஸ்டர் உண்டா, எந்த நிலையம் கிடைத்தது, படம் சுத்தமா புள்ளியா, ஒலி வந்ததா. ஆறு மாதம் கழித்து அதே வீட்டுக்காரர் “படம் வரவில்லை” என்று வந்து நின்றால் புரட்டிப் பார்ப்பதற்காக எழுதியதுதான். சரித்திரம் படைக்க எழுதவில்லை. ஆனாலும் எண்பதுகளின் தொடக்கத்திலிருந்து கேபிள் வந்து என் பிழைப்பில் மண் விழுந்த காலம் வரை, இந்தச் சுற்றுவட்டாரத்தில் எந்த ஊரில் எந்தத் தொலைக்காட்சி நிலையம் உண்மையில் தெரிந்தது என்பதற்கு வேறு எங்கும் எழுத்துச் சான்று இருப்பதாக நான் கேள்விப்பட்டதில்லை. பெட்டிகளில் நோட்டுகளோடு ஒலி கேசட்டுகளும் இருந்தன. டிவியின் ஸ்பீக்கருக்கு நேரே டேப் ரெக்கார்டரை வைத்துப் பிடித்தவை. வெள்ளிக்கிழமைப் பாட்டுகளுக்கு நடுவே அறிவிப்பாளர் குரல், செய்தியின் துண்டுகள், பின்னணியில் வீட்டுக்காரர்கள் பேச்சு, குழந்தை அழுகை எல்லாம் அவற்றில் உண்டு. நாளிதழ்களில் வந்த நிகழ்ச்சி நிரல்களை வெட்டி ஒட்டிய கணக்குப் புத்தகங்களும் போயின.

இப்போது உங்கள் பாடத்துக்கு வருகிறேன். என் பேத்தி இந்தப் படிப்பைத்தான் படிக்கிறாள். அவளுடைய பாடக் குறிப்புகளை வாங்கி முழுவதும் படித்தேன். அமெரிக்காவில் ஒரு நகரத்தின் தொலைக்காட்சி நிலையம் தேசிய வலையமைப்பு ஒன்றோடு இணைந்து இயங்குவது எப்படி என்று விரிவாகவே இருக்கிறது. அமெரிக்கக் கால்பந்துப் போட்டிகளின் ஒளிபரப்பு உரிமத்தைக் கைப்பற்றிய ஃபாக்ஸ் வலையமைப்பு, 1994 மே மாதம் பன்னிரண்டு நிலையங்களைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டதாக அறிவித்த கதை இருக்கிறது. சான்ஃபிரான்சிஸ்கோவின் கே.ஆர்.ஓ.என். நிலையம் 1949இல் தொடங்கிய நாள் முதல் என்.பி.சி. வலையமைப்போடு இருந்துவிட்டு 2001 முடிவில் பிரிந்தது, அந்த இணைப்பு பக்கத்து ஊரான சான் ஹோசேயின் நிலையத்துக்குப் போனது என்பது வரை இருக்கிறது. நன்றாகத்தான் எழுதியிருக்கிறார்கள். மாணவர்கள் படிக்கட்டும். உள்ளூர் நிலையத்துக்கும் தலைமை வலையமைப்புக்கும் நடுவே நடக்கும் இழுபறியை விளங்கிக்கொள்ள அது உதவும்.

அடுத்த பக்கத்தில் நம்முடைய கதை. “1959 செப்டம்பர் 15 அன்று தில்லியில் சோதனை ஒளிபரப்பு தொடங்கியது. 1975 ஆகஸ்ட் 15 அன்று தமிழ்நாட்டுக்குத் தொலைக்காட்சி வந்தது. 1982இல் வண்ணம் வந்தது. 1997இல் பிரசார் பாரதி அமைந்தது.” இடையில் சில வாக்கியங்கள். முடிந்தது.

இரண்டாவது வாக்கியம் தவறு, ஐயா. 1975 ஆகஸ்ட் 15 அன்று தொலைக்காட்சி வந்தது சென்னைக்கு. சென்னையும், அதைச் சுற்றிய செங்கல்பட்டு மாவட்டப் பகுதிகளும் பார்த்தன. ஆன்டெனாவை ஓங்கிக் கட்டியவர்கள் இன்னும் கொஞ்சம் தள்ளியும் பார்த்திருக்கலாம். மதுரைக்காரனும் திருநெல்வேலிக்காரனும் அன்றைக்கு என்ன பார்த்தார்கள்? ஒன்றும் பார்க்கவில்லை. பார்க்க ஒன்றும் இல்லை. சென்னையில் தயாரான சாலிடேர், டயனோரா செட்டுகளின் விளம்பரங்களைப் பத்திரிகையில் பார்த்தோம், அவ்வளவுதான். தலைநகரத்துக்கு வந்ததை மாநிலத்துக்கு வந்ததாக எழுதுகிற பழக்கம் எல்லாத் துறையிலும் உண்டு. அலை எங்கே போனது, எங்கே போகவில்லை என்பதையே பாடமாகக் கொண்ட துறையிலும் அது இருக்கலாமா?

எங்கள் பக்கத்துக்கு முதலில் வந்த தொலைக்காட்சி தில்லியுடையதும் அல்ல, சென்னையுடையதும் அல்ல. இலங்கையுடையது. ஜப்பானின் உதவியோடு அமைந்த ரூபவாகினி 1982 பிப்ரவரி 15 அன்று ஒளிபரப்பைத் தொடங்கியது. அதன் முதன்மை ஒளிபரப்பி, அந்தத் தீவிலேயே உயரமான பீதுருதாலகாலை மலையில் நின்றது. இந்தியாவும் இலங்கையும் பால்-பி (PAL-B) என்ற ஒரே ஒளிபரப்பு முறையைப் பின்பற்றியதால், இங்கே விற்ற செட்டில் எதையும் மாற்ற வேண்டியதில்லை. ஆன்டெனாக் கம்பியைத் தென்கிழக்கே திருப்பினால் போதும். கணக்குப்படி பார்த்தால் அவ்வளவு தூரத்துக்கு அந்த அலை வந்து சேரவே கூடாது. ஆனால் கடல்மேல் காற்று அசையாமல் வெக்கையாக நிற்கிற நாட்களில், நீர்ப்பரப்பை ஒட்டிய குளிர்ந்த அடுக்குக்கும் அதற்கு மேலே நிற்கும் சூடான அடுக்குக்கும் நடுவே அலை வளைந்து வளைந்து நெடுந்தூரம் போகும். சித்திரை, வைகாசி மாலைகளில் கண்ணாடி போலப் படம் தெரியும். ஐப்பசி மழை தொடங்கிவிட்டால் வெறும் புள்ளிகள்தான். இதைச் சொல்லிக்கொடுக்க எனக்கு எந்தப் புத்தகமும் கிடைக்கவில்லை. நோட்டில் மாதவாரியாகப் புரட்டிப் பார்த்துத்தான் கண்டுகொண்டேன். ஐப்பசியில் புது ஆன்டெனா கேட்டு வருபவரிடம் தை கழியட்டும் என்று சொல்லித் திருப்பி அனுப்புவேன். வியாபாரம் தெரியாதவன் என்று மற்றக் கடைக்காரர்கள் சிரிப்பார்கள்.

யார் அந்த ஆன்டெனாக்களைக் கேட்டார்கள் என்பதும் நோட்டில் இருந்தது. 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின் பேரில் இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட மலையகத் தமிழர் குடும்பங்கள் எங்கள் பக்கத்து நூற்பாலைகளில் வேலை செய்தன. ஆலைக் குடியிருப்பில் நாலைந்து வீட்டுக்காரர்கள் பணம் சேர்த்து ஒரு செட் வாங்குவார்கள். அவர்களுக்கு இலங்கைதான் வேண்டும். தமிழ்ச் செய்தியும் தமிழ் நிகழ்ச்சியும் உண்டு என்பது ஒரு காரணம். நுவரெலியாப் பக்கத்துத் தோட்டங்களில் கொழுந்து பறித்தவர்களுக்கு, அந்த மலைச்சரிவுகள் திரையில் வருவது இன்னொரு காரணம். 1983 ஜூலையில் இலங்கையில் தமிழர்களுக்கு எதிரான கலவரம் வெடித்த பிறகு அதே வீடுகளில் கேள்வியே மாறிவிட்டது. பாட்டுக்காகத் திருப்பிய கம்பியைச் செய்திக்காகத் திருப்பச் சொன்னார்கள். அரசுத் தொலைக்காட்சி எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்பதை வானொலியோடு ஒத்துப்பார்த்தார்கள். ஊடக எழுத்தறிவு என்று நீங்கள் இப்போது தனித் தாள் வைத்திருக்கிறீர்கள். எழுதப் படிக்கத் தெரியாத ஆலைத் தொழிலாளிகள் அதை அன்றைக்கே செய்து முடித்தார்கள். அந்த மாதங்களில் யார் எப்போது எந்தப் பக்கம் கம்பியைத் திருப்பச் சொன்னார்கள் என்ற வரிகள்தான் எடைக்குப் போனவை. இதற்கு ஆய்வு மதிப்பு இல்லையென்றால் எதற்கு இருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள விரும்புகிறேன்.

பிறகு தில்லி வந்தது. 1983 ஆகஸ்ட் இறுதியில் இன்சாட்-1பி செயற்கைக்கோள் விண்ணுக்குப் போனது. 1984இல் சில மாதங்களுக்கு நாளொன்றுக்கு ஓர் ஒளிபரப்பி என்ற வேகத்தில் நாடு முழுவதும் திறந்தார்கள். பெரும்பாலானவை நூறு வாட் சக்தி கொண்ட சிறியவை. ஊரைச் சுற்றி இருபது கிலோமீட்டர் எட்டினாலே அதிகம். வானத்திலிருந்து தில்லி நிகழ்ச்சியைக் கிண்ண ஆன்டெனாவில் பிடித்து அப்படியே சுற்றுவட்டாரத்துக்குக் கொடுப்பதுதான் அவற்றின் வேலை. சென்னை நிலையத்தோடு இணைப்பு இல்லாததால், தமிழ்நாட்டு மாவட்ட நகரங்களில் தொலைக்காட்சி என்றால் இந்தியும் ஆங்கிலமும்தான் என்று ஒரு காலம் ஓடியது. இரவு இந்திச் செய்தி, பிறகு ஆங்கிலச் செய்தி. ஞாயிற்றுக்கிழமை மதியம் மாநில மொழிப் படங்களின் வரிசையில் தமிழின் முறை எப்போது வரும் என்று காத்திருப்பார்கள். அந்த வாரம் எனக்கு வேலை குவியும். 1984 நவம்பர் தொடக்கத்தில் இந்திரா காந்தியின் இறுதி ஊர்வலத்தை ஊராட்சி டிவி முன்னால் ஊரே திரண்டு பார்த்தது. வருணனையில் ஒரு சொல் புரியாமல் பார்த்தது. 1987இல் ராமாயணம் தொடங்கியபோது அந்தக் கஷ்டம் இல்லை. கதை முன்பே தெரியும்.

ஒரே மாநிலத்தில், ஒரே நிறுவனத்தின் பெயரில், சென்னைவாசி ஷோபனா ரவி தமிழில் செய்தி வாசிப்பதைக் கேட்டுக்கொண்டிருந்தார். திருநெல்வேலிச் சீமையில் இருந்தவர் தில்லியின் இந்திச் செய்தியைப் பார்த்துவிட்டு, தமிழ் கேட்க இலங்கைப் பக்கம் கம்பியைத் திருப்பிக்கொண்டிருந்தார். வலையமைப்புக்கும் உள்ளூர் நிலையத்துக்கும் உள்ள உறவு என்று நீங்கள் கலிஃபோர்னியாவிலிருந்து எடுத்துக்காட்டுக் கொண்டுவருகிறீர்கள். வீட்டு வாசலில் இருந்த எடுத்துக்காட்டு இது. மொழி, அரசியல், தொழில்நுட்பம், அக்கரை உறவு எல்லாம் ஒரே ஆன்டெனாக் கம்பத்தில் வந்து முடிகிற இப்படி ஒரு பாடத்தை வேறு எந்த நாட்டில் போய்த் தேடுவீர்கள்?

கொடைக்கானல் வந்த பிறகுதான் நிலைமை மாறியது. எண்பதுகளின் பிற்பகுதியில் அந்த மலையில் உயர்சக்தி ஒளிபரப்பி ஓடத் தொடங்கியது. ஏறத்தாழ 7,000 அடி உயரத்தில் நின்றுகொண்டு தென் மாவட்டங்களை முழுவதும் பார்க்கிற இடம் அது. சென்னை நிகழ்ச்சிகள் அதன் வழியாகத்தான் எங்கள் வீடுகளுக்குள் வந்தன. வயலும் வாழ்வும், ஒளியும் ஒலியும், நேயர் கடிதங்களுக்குப் பதில் சொல்லும் எதிரொலி எல்லாம் அப்போது எங்களுக்குப் புதியவை. சென்னைக்காரர்கள் அவற்றை ஏற்கெனவே கிண்டல் செய்யத் தொடங்கியிருந்தார்கள். எனக்கு அப்போது சாப்பிட நேரம் இல்லை. தென்கிழக்கே பார்த்துக்கொண்டிருந்த கம்பிகளை எல்லாம் வடமேற்கே திருப்ப வேண்டும். சிலர் இரண்டும் வேண்டும் என்றார்கள். ஒரே பைப்பில் மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக எதிரெதிர்த் திசையில் கட்டிக்கொடுத்தேன். கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று பட்டு அலுமினிய மூட்டுகள் பொடிந்து போகும். உள்ளே கரிசல் காட்டில் அந்தத் தொல்லை இல்லை, காக்கை உட்கார்ந்து ஆன்டெனாவின் குறுக்குக் குழாய்களை வளைப்பதுதான் தொல்லை. குருமலைக்குத் தெற்கே மலையின் நிழல் விழுகிற சில ஊர்களில், பக்கத்து ஊரில் பளிச்சென்று வரும் கொடைக்கானல் அடியோடு வராது. அரசாங்க வரைபடத்தில் அந்த ஊர்கள் ஒளிபரப்பு எல்லைக்குள்தான் இருந்திருக்கும். வரைபடம் கணக்குப் போட்டு வரைந்தது. நோட்டு கம்பத்தின் உச்சியில் ஏறிப் பார்த்து எழுதியது.

ஒளிபரப்பு நடுவில் அறுந்துவிட்டால் “தடங்கலுக்கு வருந்துகிறோம்” என்ற அட்டை வரும். எல்லோரும் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள். நான் மணி பார்த்து எழுதிக்கொள்வேன். அட்டை வந்தால் தவறு அந்தப் பக்கம், அட்டைகூட வராமல் புள்ளி வந்தால் தவறு என் பக்கம் அல்லது மலைமேல். வாடிக்கையாளரிடம் பதில் சொல்ல அது எனக்குத் தேவைப்பட்டது.

மீதிக் கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். 1993இல் சன் டிவி வந்தது. அதே ஆண்டில் தூர்தர்ஷனும் மாநில மொழிகளுக்கெனச் செயற்கைக்கோள் அலைவரிசைகளைத் தொடங்கியது. தெருவுக்குத் தெரு கேபிள் வந்தது. தமிழ் அலைவரிசை பிறகு பொதிகை ஆனது, 2024 ஜனவரியில் டிடி தமிழ் ஆனது. ராமேஸ்வரத்தில் 300 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கிற கான்கிரீட் ஒளிபரப்புக் கோபுரம் தொண்ணூறுகளில் எழுந்தபோது, கீழே வீடுகளில் ஆன்டெனாக்கள் இறங்கத் தொடங்கியிருந்தன.

2021 அக்டோபரில், தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதி ஓர் அறிவிப்பு வெளியிட்டது. அனலாக் தரைவழி ஒளிபரப்பு காலாவதியான தொழில்நுட்பம், முக்கியமான ஏறத்தாழ ஐம்பது இடங்களைத் தவிர மற்றவற்றை 2022 மார்ச்சுக்குள் நிறுத்திவிடுவோம் என்றது. அந்த முடிவோடு எனக்குச் சண்டை இல்லை. மாதக் கட்டணம் இல்லாத டிடி ஃப்ரீ டிஷ் கைக்கு எட்டும்போது, பார்க்க ஆளில்லாத ஒளிபரப்பிக்கு மின்சாரம் செலவழிப்பானேன்? என் கேள்வி உங்களிடம்தான். நிகழ்ச்சியை வாங்கி மறு ஒளிபரப்புச் செய்த ஒவ்வொரு ரிலே நிலையத்திலும் பதிவேடு எழுதினார்கள். ஒளிபரப்பி எத்தனை மணிக்கு ஓடத் தொடங்கியது, எப்போது நின்றது, வெளியே போகும் சக்தி எவ்வளவு, திரும்பி வரும் சக்தி எவ்வளவு, மின்சாரம் எப்போது போனது, செயற்கைக்கோள் இணைப்பு எப்போது அறுந்தது என்று பணியில் இருந்தவர் நேரம் குறித்து எழுதிக் கையெழுத்துப் போட்ட ஏடுகள் அவை. நிலையங்கள் ஒவ்வொன்றாக மூடப்பட்டபோது அந்த ஏடுகள் எங்கே போகின்றன என்று தமிழ்நாட்டின் எந்தத் தொடர்பியல் துறையாவது கடிதம் எழுதிக் கேட்டதா? எழுதியிருந்தால் தெரிவியுங்கள், மன்னிப்புக் கேட்டு இந்தப் பத்தியைத் திருத்திக்கொள்கிறேன்.

நீங்கள் பாடம் நடத்தும் அமெரிக்க நிலையங்களின் வரலாற்றை அவ்வளவு துல்லியமாக எழுத முடிவதற்குக் காரணம் ஒன்று உண்டு. அங்கே கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையம் ஒவ்வொரு நிலையத்துக்கும் ஓர் அட்டை வைத்திருந்தது. உரிமம் எப்போது, சக்தி எவ்வளவு, கோபுரம் எங்கே, உயரம் எவ்வளவு, கை மாறியது எப்போது என்று பத்தாண்டுகள் பத்தாண்டுகளாகத் தட்டச்சிலும் கையெழுத்திலும் நிரப்பிய அட்டைகள். இன்றைக்கு அவற்றைப் படமெடுத்து யாரும் பார்க்கும்படி வைத்திருக்கிறார்கள். குக்கிராம நிலையத்துக்கும் அட்டை உண்டு. கொடைக்கானலுக்கு அப்படி ஓர் அட்டையை உங்களால் காட்ட முடியுமா? தில்லியில் ஒரே நிறுவனம் எல்லாவற்றையும் நடத்தியதால், ரிலே நிலையத்துக்குத் தனி வரலாறு தேவையில்லை என்று எல்லோரும் இருந்துவிட்டார்கள். பல்கலைக்கழகமும் அப்படி இருந்துவிடலாமா?

நீங்கள் சொல்லப்போகும் பதில்களும் எனக்குத் தெரியும், சிலவற்றை நேரிலேயே கேட்டுவிட்டேன். மாணவர்களுக்கு வேலை வேண்டும், வரலாறு சோறு போடாது என்றார் ஒருவர். பச்சைத் திரை முன்னால் நின்று பேசக் கற்ற எல்லோருக்கும் வேலை கிடைத்துவிட்டதா என்று நான் திருப்பிக் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். பிரசார் பாரதியிடம் ஆவணக் காப்பகம் இருக்கிறதே என்றார் இன்னொருவர். இருக்கிறது, பழைய நிகழ்ச்சிகள் பலவற்றை டிஜிட்டலாக்கிப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்திருக்கிறார்கள், அதற்கு நன்றி. ஆனால் அங்கே இருப்பது அனுப்பியவை. வந்து சேர்ந்தவற்றின் கணக்கு அங்கே இருக்காது. ஒரு மெக்கானிக்கின் தனிப்பட்ட நோட்டு எப்படிச் சான்றாகும் என்று மூன்றாமவர் கேட்டார். கேட்டவர் வரலாறும் படித்தவர். கிராமக் கணக்குப்பிள்ளையின் ஏட்டையும் வணிகரின் பேரேட்டையும் கொண்டுதான் இந்த நாட்டின் பொருளாதார வரலாற்றை எழுதியிருக்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியாதா? என் நோட்டில் பிழை இருக்கலாம். வேறொரு ஊர் மெக்கானிக்கின் நோட்டோடு ஒத்துப்பார்த்தால் தெரிந்துவிடும். ஒத்துப்பார்க்கத்தானே நீங்கள் இருக்கிறீர்கள்.

வான் அலைகள் பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995இல் தீர்ப்புச் சொன்னதை உங்கள் சட்டத் தாளில் கற்பிக்கிறீர்கள். எங்கள் வானத்தில் அந்தப் பொதுச்சொத்து எப்படிப் பயன்பட்டது என்பதற்கான பதிவும் பொதுமக்களுடையதே.

நான் கேட்பவற்றைத் தெளிவாகவே சொல்லிவிடுகிறேன்.

பெட்டிகளை எடைக்குப் போட்ட துறை, அவற்றில் என்ன இருந்தது, யார் பார்வையிட்டார்கள், எந்தத் தேதியில் வெளியேறின என்பதை எழுத்தில் எனக்குத் தர வேண்டும். பொதுமக்கள் கொடுத்த எந்தப் பொருளையும், கொடுத்தவருக்கோ அவர் குடும்பத்துக்கோ முதலில் திருப்பித் தர முன்வராமல் அப்புறப்படுத்தக் கூடாது என்று ஒரு விதியை எல்லாத் துறைகளும் ஏற்க வேண்டும். இடம் இல்லை என்று ஒரு அஞ்சலட்டை போட்டிருந்தால் வண்டி வைத்து நானே எடுத்துப் போயிருப்பேன்.

தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் மூடப்பட்ட எல்லாத் தரைவழி ஒளிபரப்பிகளின் பட்டியலையும், அவற்றின் பதிவேடுகள் இப்போது எங்கே உள்ளன என்ற விவரத்தையும் கேட்டு, துறைகள் அனைத்தும் கூட்டாகப் பிரசார் பாரதிக்கு எழுத வேண்டும். மத்திய அரசின் கீழுள்ள சட்டப்படியான அமைப்புகளின் ஆவணங்களைப் பாதுகாக்கப் பொது ஆவணங்கள் சட்டம், 1993 இருக்கிறது. அதைச் சுட்டி எழுதுங்கள். பதில் தாமதமானால் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் மனுப் போடுங்கள். அந்த மனுவை எழுதுவதே மாணவர்களுக்கு நல்ல பயிற்சி. ஏடுகள் மிஞ்சியிருந்தால், படமெடுத்துக்கொள்ள அனுமதி கேளுங்கள்.

ஆன்டெனா கட்டியவர்கள், டிவி கடை நடத்தியவர்கள், ரிலே நிலையங்களில் பணியாற்றி ஓய்வுபெற்றவர்கள், ஊராட்சி டிவி அறையின் சாவியை வைத்திருந்தவர்கள் எல்லோரும் முதியவர்கள். வரும் கல்வியாண்டிலேயே ஒவ்வொரு துறையும் தன் மாவட்டத்தில் அவர்களைத் தேடிப் பிடித்துப் பேச்சைப் பதிவு செய்ய வேண்டும். வீடுகளில் கிடக்கும் ஒலி, ஒளி நாடாக்களை முதலில் வாங்குங்கள், காகிதம் இன்னும் கொஞ்ச நாள் தாங்கும், நாடா தாங்காது.

தொலைக்காட்சி வரலாற்றுத் தாளை மறுபடியும் முழுத் தாளாக்க வேண்டும். அதில் 1982க்குப் பிறகு தென் கடற்கரையில் ரூபவாகினி பார்க்கப்பட்டதும், 1984க்குப் பிறகு மாவட்டங்களுக்குத் தில்லி மட்டும் கிடைத்ததும், கொடைக்கானல் வழியாகச் சென்னை வந்ததும் இடம்பெற வேண்டும். “1975இல் தமிழ்நாட்டுக்குத் தொலைக்காட்சி வந்தது” என்ற வாக்கியத்தை அடுத்த அச்சில் திருத்த வேண்டும்.

கடைசியாக, தமிழ்நாட்டின் ஒவ்வொரு ஒளிபரப்பிக்கும் ஒரு வரலாற்று அட்டையைத் தமிழில் தயாரித்து வெளியிட வேண்டும். இடம், தொடங்கிய நாள், சக்தி, அலைவரிசை எண், எதை மறு ஒளிபரப்புச் செய்தது, எப்போது மாறியது, எப்போது நிறுத்தப்பட்டது. ஒரு அட்டைக்கு ஒரு மாணவர் போதும்.

பாடத்திட்டக் குழுவின் அடுத்த கூட்டத்துக்கு முன் எழுத்துமூலமான பதிலை எதிர்பார்க்கிறேன். கூட்டத்துக்கு அழைத்தால் என் சொந்தச் செலவில் வருகிறேன். நான் கொடுக்காமல் வைத்திருந்த சில நோட்டுகள் வீட்டில் இருக்கின்றன. அவற்றைக் கொண்டுவந்து மேசைமேல் வைக்கிறேன், நீங்கள் பிரித்துப் பார்க்கலாம். முதல் கோரிக்கைக்குப் பதில் கிடைக்கும் வரை அவற்றை எந்தத் துறைக்கும் கொடுப்பதாக இல்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டிவி மெக்கானிக்,
கோவில்பட்டி வட்டாரம்